ஸ்டே இருக்கும்போதே சித்தப்பா நிலத்தில் இறங்கி உழுதுவிட்டார். கண்டெம்ப்ட், அதாவது நீதிமன்ற அவமதிப்பு மனு, போட்டால் உள்ளே போவாரா?

நீங்கள் எழுதியதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். பாகப்பிரிவினையில் அப்பாவுக்கு வந்த 1 ஏக்கர் 40 சென்ட், கிணற்றுப் பாசனப் புஞ்சை. சித்தப்பா தகராறு செய்யவே மார்ச் மாதம் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டு, உங்கள் அனுபவத்தில், அதாவது நிலம் உங்கள் கைவசம் இருப்பதில், அவர் குறுக்கிடக் கூடாது என்று இடைக்காலத் தடையுத்தரவு வாங்கியிருக்கிறீர்கள். மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் டிராக்டரோடு வந்து நிலம் முழுவதையும் உழுது நிலக்கடலை விதைத்துவிட்டார். ஸ்டேஷனில் சிவில் மேட்டர் என்று சி.எஸ்.ஆர். என்கிற, புகாரைப் பெற்றதற்கான ரசீதோடு அனுப்பிவிட்டார்கள். நேராக ஹைகோர்ட்டில் கண்டெம்ப்ட் போட்டு அவரை ஜெயிலுக்கு அனுப்ப முடியுமா, வேண்டாம் என்கிற வக்கீலை மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். எந்தக் கோர்ட்டுக்குப் போவது, அங்கே எதை நிரூபித்தால் மனு நிற்கும் என்பதுதான் இதில் சட்டக் கேள்வி.

நான் ஒரு மாவட்டத் தலைநகரில் இருபத்து நாலு வருடமாக சிவில் பக்கம் மட்டும் பார்க்கிற வக்கீல். இந்த மாதிரி மனுக்களைப் போட்டும் இருக்கிறேன், எதிர்த்தும் இருக்கிறேன். எதிர்த்தவற்றில்தான் அதிகம் ஜெயித்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதற்கான காரணம் கீழே வரும். உங்கள் கேஸ் கட்டை நான் பார்க்கவில்லை. அதனால் சட்டத்தைப் பற்றிச் சொல்வதை உறுதியாகவும், உங்கள் வழக்கின் முடிவைப் பற்றிச் சொல்வதை ஊகமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகமே இல்லாத விஷயத்தில் தொடங்குகிறேன். 1971-ஆம் வருட நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி தண்டிக்கும் அதிகாரம் முன்சீப் கோர்ட்டுக்கோ சப் கோர்ட்டுக்கோ கிடையாது. அது ஹைகோர்ட்டுக்கு உண்டு. கீழ்க் கோர்ட் உத்தரவை மீறினாலும் பிரிவு 10-ன்படி ஹைகோர்ட் விசாரிக்கலாம். ஏட்டளவில் பார்த்தால் நீங்கள் சென்னைக்கோ மதுரைக் கிளைக்கோ போக வழி இருக்கிறது. ஆனால் முன்சீப் கோர்ட் போட்ட தடையுத்தரவை மீறினால் அதே கோர்ட்டில் மனுப் போடுவதற்கென்றே சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஒரு விதி உண்டு: கட்டளை 39, விதி 2ஏ. 1976 திருத்தத்தில் வந்தது. கோர்ட் வளாகத்தில் ‘டூ-ஏ பெட்டிஷன்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்த வழி திறந்திருக்கும்போது ஹைகோர்ட் பெரும்பாலும் ‘அங்கேயே போ’ என்றுதான் சொல்லும். சொல்லவே சொல்லாது என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது. விதிவிலக்காக எடுத்துக்கொண்ட வழக்குகளும் உண்டு. இருந்தாலும் அதை நம்பி ஆறு மாதத்தையும் பணத்தையும் பந்தயம் கட்ட நான் சொல்லமாட்டேன்.

2ஏ ஒன்றும் பல்லில்லாத விதி இல்லை. மீறியவரின் சொத்தை ஜப்தி செய்யலாம், அவரை மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம். இரண்டையும் சேர்த்தே செய்யலாம் என்று 1998-இல் சமீ கான் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஜப்தி ஒரு வருடத்துக்கு மேல் நீடிக்க முடியாது. அதற்குப் பிறகும் மீறல் தொடர்ந்தால் சொத்தை விற்று அந்தப் பணத்திலிருந்து உங்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்கலாம். அவமதிப்புச் சட்டத்தின் பிரிவு 12-இல் இருப்பது ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். அதிலும் சிவில் அவமதிப்பு என்றால் அபராதம்தான் முதல். அது போதாது என்று தோன்றினால்தான் சிறை. டிராக்டர் வாடகைக்கே அதைவிட அதிகம் கொடுத்த ஒருவரை 2,000 ரூபாய் என்ன செய்யும்? விவசாயியின் டிராக்டரையோ அவருடைய இன்னொரு நிலத்தையோ ஜப்தி செய்யக் கேட்டுப் பாருங்கள், அடுத்த வாய்தாவுக்கே ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வருவார். ஜெயில் என்ற சொல்லைவிட ஜப்தி என்ற சொல் எங்கள் பக்கத்தில் அதிகம் வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, இந்த மனுக்கள் எங்கே சாகின்றன என்பது. சித்தப்பா செய்தது அநியாயமா என்று நீதிபதி பார்க்கமாட்டார். உத்தரவில் எழுதியிருக்கும் வார்த்தையை வைத்துக்கொண்டு, அன்றைய தேதியில், அந்த நிலத்தில், அந்த வார்த்தை மீறப்பட்டதா என்று பார்ப்பார். 2ஏ அதிகாரம் தண்டிக்கும் தன்மை உடையது, சிவில் அவமதிப்புக்கு நிகரானது, மிகுந்த எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும் என்று இந்திய உணவுக் கழகம் எதிர் சுக்தேவ் பிரசாத் வழக்கில் 2009-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. பாக வழக்கில் ‘யார் பக்கம் தராசு சாய்கிறது’ என்று பார்ப்பது போல இங்கே பார்க்கமாட்டார்கள். நியாயமான சந்தேகம் வந்தால் பலன் எதிராளிக்கே போகும்.

நிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சில வருடங்களுக்கு முன் நான் எதிர்மனுதாரருக்காக ஆஜரான ஒரு மனு. உழுதது உண்மை, ஊரே பார்த்தது. எங்கள் கட்சிக்காரரே என்னிடம் ஒத்துக்கொண்டார். தாவா சொத்து (வழக்கில் உள்ள சொத்து) விவரத்தில் ‘வாய்க்காலுக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு’ என்று நான்கெல்லை எழுதியிருந்தார்கள். நிலத்தில் போய் நின்றால் வாய்க்கால் வடபுறம் இருக்கிறது, வண்டிப்பாதை தென்புறம். பழைய கிரயப் பத்திரத்தில் எழுத்தர் திசையை மாற்றி எழுதியதை அப்படியே பார்த்துத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். யு.டி.ஆர். என்கிற நில ஆவணப் புதுப்பிப்புக் காலத்தில் உட்பிரிவு எண்ணும் மாறியிருந்தது. தடையுத்தரவு எந்த மண்ணைக் குறிக்கிறது என்றே உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று மனு தள்ளுபடி. வெளியே வந்தபோது அந்த வாதி, ஐம்பது வயசுக்காரர், தூணில் சாய்ந்து நின்றுகொண்டு சொத்து விவரத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்த பக்கம் நான். ஆனாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் தாவா சொத்து விவரத்தை எடுத்துக்கொண்டு வரப்பில் நின்று நான்கு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். புல எண், உட்பிரிவு, எஃப்.எம்.பி. என்கிற புல அளவை வரைபடம், பயிர் விவரம் எழுதும் அடங்கல் எல்லாம் ஒரே நிலத்தைச் சொல்கின்றனவா? தப்பு இருந்தால் மனுப் போடும் முன்பே பிளெயின்ட்டை (வழக்குரையை)த் திருத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் எதிர் வக்கீல் உங்களுக்குப் பாடம் எடுப்பார்.

இதைவிடக் கொடுமையானது தேதி. முதல் நாளில் எதிராளியைக் கேட்காமல் கொடுக்கும் தடையுத்தரவு பெரும்பாலும் ‘அடுத்த வாய்தா வரை’ என்றுதான் இருக்கும். ஒவ்வொரு வாய்தாவிலும் ‘எக்ஸ்டென்ட்’ என்று குறிப்பு விழவேண்டும். எழுந்து நின்று கேட்கிற ஜூனியர் அன்றைக்கு வேறு கோர்ட்டில் மாட்டிக்கொண்டால், கேஸ் தள்ளிப்போகும், தடை நீளாது. தடை நீட்டிக்கப்படாத நாளில் உழுதால் மீற உத்தரவே இல்லை. உங்கள் விஷயத்தில் எனக்கு உறுத்துவது அந்த மே மாதம்தான். சிவில் கோர்ட்டுகளுக்கு கோடை விடுமுறை. விவரம் தெரிந்த எதிராளிகள் அந்த நேரத்துக்காகவே காத்திருப்பார்கள். ஏப்ரல் கடைசி வாய்தாவில் ஜூன் மாதத் தேதி வரை தடையை நீட்டிக் குறிப்பு எழுதினார்களா? இ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் வழக்குக்கென்று தரப்பட்ட சி.என்.ஆர். அடையாள எண்ணைப் போட்டால் ஒவ்வொரு வாய்தாவிலும் நடந்தது ஒரு வரியில் தெரியும். அந்த வரி முழு ஆதாரம் ஆகாது. சான்று நகலுக்குக் காப்பி அப்ளிகேஷன் போடுங்கள். ‘மறு உத்தரவு வரும் வரை’ என்றோ ‘வழக்கு முடியும் வரை’ என்றோ இருந்தால் இந்தக் கவலை இல்லை. வாய்தா தேதியே விடுமுறையில் விழுந்து, அதனால் நீட்டிக்காமல் போயிருந்தால் என்ன ஆகும் என்பதில் வாதாட இடம் இருக்கிறது. ஆனால் தண்டனை கேட்கிற மனுவில் அந்த வாதம் உங்களுக்குப் பலவீனம்.

இங்கே ஒரு வதந்தியையும் வெட்டிவிடுகிறேன். ‘ஸ்டே ஆறு மாதத்தில் தானாகவே செத்துவிடும், சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது’ என்று டீக்கடை வரைக்கும் பேசுகிறார்கள். 2018-இல் ஏஷியன் ரீசர்ஃபேசிங் வழக்கில் வந்த தீர்ப்பு அது; விசாரணையையே நிறுத்தி வைக்கும் ஸ்டேக்களைப் பற்றியது. அதையும் 2024 பிப்ரவரி 29-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தவறு என்று நீக்கிவிட்டது. சித்தப்பா தரப்பு இதைச் சொன்னால் பயப்பட வேண்டாம்.

உத்தரவின் வார்த்தை என்று சொன்னேனே, அதில் இன்னொரு கண்ணி. உங்கள் கையில் இருப்பது ‘பிரதிவாதி குறுக்கிடக் கூடாது’ என்ற தடையா, அல்லது ‘இரு தரப்பும் உள்ளது உள்ளபடி இருக்கவேண்டும்’ என்ற ஸ்டேட்டஸ் கோவா? ஊரில் இரண்டையும் ஸ்டே என்றே சொல்கிறார்கள். முதலாவது என்றால் அனுபவம் உங்களுடையது என்று கோர்ட் அப்போதைக்கு ஒப்புக்கொண்டதாக அர்த்தம். இரண்டாவது என்றால், அன்றைக்கு யார் அனுபவத்தில் இருந்தார்கள் என்பதே சண்டை. ‘நான்தான் வருடா வருடம் உழுகிறேன், இந்த வருடமும் உழுதேன், உள்ளது உள்ளபடியே இருக்கிறது’ என்பார் சித்தப்பா. அதற்குப் பதில் சொல்வது சிரமம். அதோடு அது உங்களையும் கட்டும். கோபத்தில் நீங்கள் போய்க் கம்பி வேலி போட்டால் மனுதாரரே எதிர்மனுதாரராகிவிடுவார். உத்தரவில் இல்லாத ஒன்றை அவமதிப்பு மனுவில் புதிதாகச் சேர்த்து வாங்கவும் முடியாது. அந்த வாசல் திறக்காது.

அடுத்தது, தெரிந்தே மீறினாரா என்பது. உத்தரவின் நகல் முறைப்படி கையில் கிடைத்திருக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை. உத்தரவு இருப்பது அவருக்குத் தெரியும் என்று காட்டினால் போதும். எதிராளியைக் கேட்காமல் தடை வாங்கினால், மனு, பிளெயின்ட், ஆவண நகல்களை உடனே அவருக்குக் கொடுத்தோ பதிவுத் தபாலில் அனுப்பியோ, அன்றைக்கோ மறுநாளோ அதற்கு ஒரு அஃபிடவிட் தாக்கல் செய்யவேண்டும் என்று கட்டளை 39, விதி 3 சொல்கிறது. அந்தத் தபால் ரசீதும் ஒப்புகை அட்டையும் இப்போது உங்களுக்குத் தங்கம். அவர் வக்காலத்து போட்டு ஆஜராகியிருந்தால் இன்னும் நல்லது. ‘அந்த ஆர்டரே செல்லாது, அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லை’ என்ற பதில் எடுபடாது. தடை தப்பு என்று பட்டால் அதே கட்டளையின் விதி 4-இல் ரத்து செய்யக் கேட்கலாம், மேல்முறையீடு போகலாம். ரத்தாகும் வரை கட்டுப்பட வேண்டும். அதிகாரமில்லை என்று பிற்பாடு முடிவானாலும், அதற்கு முன் நடந்த மீறலுக்குத் தண்டனை உண்டு என்று 1997-இல் தய்யப்பாய் வழக்கிலேயே தீர்ந்த விஷயம்.

உழுத டிராக்டர்காரர் மேலும் போடலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். உத்தரவு தெரிந்தும் துணை போனார் என்று காட்ட முடிந்தால் வழி இருக்கிறது. எனக்கென்னவோ அவரைச் சாட்சியாகக் கூப்பிடுவது புத்திசாலித்தனமாகப் படுகிறது.

ஆதாரத்துக்கு வருவோம். செல்போனில் எடுத்த வீடியோ இருக்கிறது என்கிறீர்கள். போனை மாற்றாதீர்கள், மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த நகலைக் கொண்டுவராதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63-இல் கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்யவேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி இப்போது இந்த எண்ணில் இருக்கிறது. ஒரு மனுவில் என் கட்சிக்காரர் எடுத்த நாற்பது விநாடி வீடியோ. அதில் எதிராளி டிராக்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, “உன் கோர்ட்டு பேப்பரைக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டு மாட்டிக்கோ” என்கிறார். தெரிந்தே மீறினார் என்பதற்கு அதற்குமேல் நான் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. வீடியோவோடு வக்கீல் கமிஷனரை நியமிக்கவும் மனுப் போடுங்கள். சர்வேயரோடு போய் அளந்து, எந்தப் பகுதியில் எவ்வளவு வயதுப் பயிர் நிற்கிறது, வரப்பு எங்கே வெட்டப்பட்டிருக்கிறது என்று அவர் எழுதும் அறிக்கைக்கு நீதிபதியிடம் மரியாதை அதிகம். ஆனால் அனுபவம் யாருடையது என்று கமிஷனர் தீர்மானிக்க முடியாது. மண்ணில் கண்டதை எழுதுவது மட்டும்தான் அவர் வேலை.

இப்போது அவசரம் கடலைதான். விதைத்து நூறு, நூற்றிப்பத்து நாளில் பிடுங்கிவிடுவார். 2ஏ மனுவில் அவர் கவுண்டர் (பதில் மனு) போட்டு, இரு தரப்பும் கூண்டில் ஏறி விசாரணை முடிவதற்குள் செடி அங்கே இருக்காது. அதனால் தண்டனை மனுவை மட்டும் நம்பாமல், கமிஷனர் மூலம் அறுவடை செய்து விற்ற பணத்தைக் கோர்ட்டில் கட்ட வேண்டும் என்று தனி மனுப் போடுங்கள். போலீஸ் பாதுகாப்பும் அதே கோர்ட்டில் சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 151-இல் கேட்கலாம். அந்த அதிகாரம் உண்டு என்று மீரா சௌஹான் வழக்கில் 2007-இல் சுப்ரீம் கோர்ட் ஒப்புக்கொண்டது. எதிராளியைக் கேட்டு உறுதிசெய்யாத தடைக்குப் போலீஸ் உதவி கொடுக்கப் பல நீதிபதிகள் தயங்குவார்கள் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரியோடு ராத்திரியாக நீங்களே பிடுங்கிவிட வேண்டாம். உங்கள் நிலத்தில்தான் என்றாலும், அடுத்த நாள் திருட்டுப் புகார் உங்கள் பேரில் நிற்கும். அப்போது ஸ்டேஷனில் ‘சிவில் மேட்டர்’ என்று சொல்லமாட்டார்கள்.

ஒருவேளை நிலமே கைமாறிப்போய், அவர் வேலி போட்டு உட்கார்ந்துவிட்டால், நிலத்தைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லியும் மனுவில் கேளுங்கள். குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் பிரிவு 6-இல், வெளியேற்றிய ஆறு மாதத்துக்குள் சுவாதீனத்தை மீட்க வழக்குப் போடும் வழியும் தனியாக இருக்கிறது. அந்த ஆறு மாதம் கெடு கறார்.

ஹைகோர்ட் கண்டெம்ப்ட் எதற்குத்தான் என்று கேட்டால், ஹைகோர்ட்டே போட்ட உத்தரவுக்கு. பட்டா மாறுதல் மனுவைப் பன்னிரண்டு வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடு என்று தாசில்தாருக்கு உத்தரவாகி, அவர் அசையவில்லை என்றால் அங்கே அது சரியான ஆயுதம். மனுவை எடுத்துப் பார்த்து அவர் நிராகரித்துவிட்டால் கண்டெம்ப்ட் கிடையாது. அந்த நிராகரிப்பை எதிர்த்து வேறு வழி தேட வேண்டும். அவமதிப்புச் சட்டத்தில் பிரிவு 20 ஒரு வருடக் கெடு வைக்கிறது. 2ஏ-வில் அப்படி எழுதிய கெடு இல்லை. அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள், தாமதமே எதிராளிக்கு ஒரு வாதம். வழக்கு முடிந்து நிரந்தரத் தடை டிக்ரி வந்த பிறகு மீறினால் 2ஏ இல்லை. கட்டளை 21, விதி 32-இல் இ.பி., அதாவது தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனு, போடவேண்டும். நிரந்தரத் தடையை நிறைவேற்றுவதற்குக் காலவரம்பும் இல்லை.

சரி, சித்தப்பா ஜெயிலுக்குப் போவாரா? நான் பார்த்த வரையில், முதல் மீறலுக்கு யாரும் போனதில்லை. மன்னிப்பு அஃபிடவிட் போடுவார், நீதிபதி கண்டித்து விடுவார். இதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெறும் ‘மன்னிக்கவும்’ என்பதோடு விடாமல், இன்ன புல எண்ணில் இனி இறங்கமாட்டேன், நிற்கிற பயிரின் பணத்தைக் கோர்ட்டில் கட்டுகிறேன் என்று உறுதிமொழியாக எழுதிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கோர்ட்டுக்குக் கொடுத்த உறுதிமொழியை வேண்டுமென்றே மீறுவதும் அவமதிப்புச் சட்டத்தின் பிரிவு 2(பி)-இல் சிவில் அவமதிப்புதான். இரண்டாவது முறை மாட்டினால் நீதிபதியின் முகமே வேறாக இருக்கும். மனு தள்ளுபடியானால் கட்டளை 43-இல் சப் கோர்ட்டுக்கு சி.எம்.ஏ. என்கிற மேல்முறையீடு போகலாம்.

வக்கீலை மாற்றுவது பற்றி. அவர் வேண்டாம் என்றது ஹைகோர்ட்டையா, 2ஏ-வையும் சேர்த்தா என்று நீங்கள் எழுதவில்லை. ஹைகோர்ட்டை மட்டும் என்றால் அவர் சொல்வது சரி, ஆளை விட்டுவிடாதீர்கள். 2ஏ-வும் வேண்டாம் என்கிறார் என்றால் சண்டை போடாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “சார், அந்த ஞாயிற்றுக்கிழமை தடை எக்ஸ்டென்ஷனில் இருந்ததா?” அவர் உடனே குமாஸ்தாவைக் கூப்பிட்டுக் கட்டை எடுக்கச் சொன்னால் நல்லது. பேச்சை மாற்றினால், காப்பி அப்ளிகேஷன் போட்டு அந்த ஏப்ரல் வாய்தாக் குறிப்பை நீங்களே வாங்கிப் பாருங்கள். அதைப் பார்த்துவிட்டு மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.